ரேகை விழாத விரல்



“ரேகை விழலைம்மா, தொடச்சிட்டு மறுபடி வைங்க.”

திருச்சி உறையூரில் எந்த ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் இந்தக் குரல் காதில் விழாமல் வீடு திரும்ப முடியாது. 2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விரல் வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. அன்றிலிருந்து சேலைத் தலைப்பில் விரலைத் துடைப்பதும், தலைமுடியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு மறுபடி வைத்துப் பார்ப்பதும் நம் தெருக்களில் அன்றாடக் காட்சி ஆகிவிட்டது.

இப்போது அதே சங்கடம் மடிக்கணினி வழியாக வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. இரவில் அப்டேட் ஓடி முடிந்திருக்கும். காலையில் விரலை வைத்தால் திறக்காது. நேற்று வரை திறந்த அதே விரல், அதே ஆள். இந்த மாதிரி நேரத்தில் பழுது எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது ஒரு கைத்தொழில். தச்சு வேலைக்கும் தறி வேலைக்கும் இருப்பது போல இதற்கும் ஒரு வரிசை உண்டு, ஒரு நேர்மை உண்டு. அந்தத் தொழிலை எடைபோட்டுப் பார்ப்பதுதான் இன்றைய என் பேச்சு.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர். இடுப்பு வலி வந்தபிறகு காலையில் கொஞ்ச நேரம்தான் நெய்கிறார். மற்ற நேரத்தில், மகள் கொடுத்துவிட்டுப் போன மடிக்கணினியில் சேலை விற்பனைக் கணக்கு எழுதுகிறார். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அது அவர் விரலை ஏற்க மறுத்துவிட்டது. துணைக்கு என்னையும் கூப்பிட்டுக்கொண்டு சாலை ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போனார்.

கடையில் இருந்த தம்பி கணினியைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்டார்.

“எப்பலேர்ந்துக்கா இப்படி?”

“முந்தாநாள் ராத்திரி அப்டேட் ஆச்சு தம்பி. அதுலேர்ந்துதான்.”

“பின் நம்பர் ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப ஒண்ணும் கவலையில்லக்கா. எங்கிட்ட சொல்லாதீங்க, நீங்களே போடுங்க” என்று சொல்லி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கேள்வியும் அந்தத் திரும்பலும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. இந்தத் தொழிலின் முதல் பாடம் அதில் இருக்கிறது. கணினியைப் பொறுத்தவரை விரல் ஒரு குறுக்கு வழி. பெரிய சாவி பின் நம்பர்தான். 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த விண்டோஸ் ஹலோ முறையில், பின் நம்பரை அமைக்காமல் விரலைப் பதியவே முடியாது. விரல் என்றாவது ஏமாற்றும் என்று அந்த முறையை வகுத்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் நாம் மாதக்கணக்கில் விரலை மட்டும் வைத்துப் பழகி, அந்த நம்பரை மறந்துவிடுகிறோம். ஆகவே வாரத்துக்கு ஒருமுறையாவது விரலை விட்டுவிட்டு நம்பரைப் போட்டுத் திறந்து பாருங்கள். செலவில்லாத காப்பு இது.

விரலை வைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? பெரும்பாலான மடிக்கணினிகளில் விரல் படும் அந்தச் சிறு பரப்புக்குக் கீழே நுண்ணிய மின்தகடுகள் வரிசையாக இருக்கின்றன. ரேகையின் மேடு தகட்டுக்கு அருகில் வரும். பள்ளத்தில் காற்று நிற்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மின்தேக்க அளவு மாறுபடும். அந்த வேறுபாட்டிலிருந்து கருவி ஒரு வரைபடம் எழுப்பி, ரேகை எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புகள் கணினிக்குள்ளேயே பூட்டி வைக்கப்படுகின்றன. அடுத்த முறை விரல் வைத்தால் புதுக் குறிப்பைப் பழைய குறிப்போடு பொருத்திப் பார்க்கும். போதிய அளவு பொருந்தினால் கதவு திறக்கும். கருவிக்கு உங்களைத் தெரியாது, உங்களைப் பற்றிய ஒரு குறிப்பு மட்டுமே தெரியும்.

தகட்டிலிருந்து அந்தக் குறிப்பு வரைக்கும் இடையில் பல கைகள் இருக்கின்றன. கருவிக்குள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் ஒன்று. கருவியையும் கணினியையும் பேசவைக்கும் டிரைவர் ஒன்று. பின்னணியில் ஓடும் சேவை ஒன்று. அப்டேட் வரும்போது இவற்றில் ஏதோ ஒன்று மாறுகிறது, மற்றவை பழையபடியே நிற்கின்றன. புதியதற்கும் பழையதற்கும் பேச்சு ஒத்துப்போகாவிட்டால் வாசலில் நிற்கும் நாம்தான் அந்நியர் ஆகிறோம்.

உலகம் பூராவும் நடந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2024 அக்டோபரில் விண்டோஸ் 11-இன் 24எச்2 என்ற பெரிய அப்டேட் வந்தது. சில கணினிகளில் திரையைப் பூட்டிய பிறகு கைரேகைக் கருவி பதிலே சொல்லாமல் நின்றது. காரணம், அந்தக் கருவிகளில் இருந்த பழைய ஃபர்ம்வேர். அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் போகாதபடி மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்தது. கணினியைச் செய்த நிறுவனத்திடமிருந்து புது ஃபர்ம்வேரை வாங்கிப் போடச் சொன்னது. இங்கே விரல் மேல் எந்தக் குற்றமும் இல்லை. எத்தனை முறை துடைத்தாலும் திறந்திருக்காது. எந்தக் கை மாறியது என்று தெரிந்தவருக்கே மருந்தும் தெரியும்.

அந்தத் தம்பி எப்படிப் பார்த்தார் என்று சொல்கிறேன். முதலில் மெல்லிய துணியால் கருவியைத் துடைத்தார். பிறகு ரீஸ்டார்ட் கொடுத்தார். “நேத்தே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேனே தம்பி” என்றார் அக்கா. “ஆஃப் பண்றது வேற, ரீஸ்டார்ட் வேறக்கா” என்றார் அவர். உண்மைதான். இன்றைய கணினிகள் பலவும் வேகமாக எழுவதற்காக, அணைக்கும்போது தங்கள் நினைவில் ஒரு பகுதியை அப்படியே சுருட்டி வைத்துக்கொள்கின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுக்கக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் மசியவில்லை. கருவிகளின் பட்டியலைத் திறந்தார். கைரேகைக் கருவியின் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் நின்றது. அப்டேட் கொண்டுவந்த டிரைவரை எடுத்துவிட்டு, முன்பு இருந்த டிரைவரையே திரும்பப் போட்டார். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியையும் நீக்கினார். முக்கோணம் மறைந்தது. அக்கா ஆசையாக விரலை வைத்தார். அப்போதும் திறக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பல கைகள் தடுமாறும். பொறுமை இழந்து, உள்ளே இருக்கும் பதிவுகள் அத்தனையையும் அழிப்பார்கள். சிலர் கணினியையே துடைத்துப் புதிதாக ஏற்றுவார்கள். இன்னும் சிலர், சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லையே காலி செய்யச் சொல்லுவார்கள். கணினியின் வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டப்பட்டிருந்து, அதன் மீட்பு எண்ணும் கையில் இல்லையென்றால், வருடக்கணக்கில் எழுதிய கணக்கும் பேரப்பிள்ளை படங்களும் பூட்டுக்குள்ளேயே போய்விடும். நெய்கிற துணியில் ஒரு கோடு விழுந்தால் நம் நெசவாளி பாவு நூலை அறுத்துப் போடுவதில்லை. தறியின் பண்ணையைப் பார்ப்பார், விழுதைப் பார்ப்பார், இழை எங்கே விட்டது என்று பின்னாலேயே போய்ப் பிடிப்பார். திரும்ப எடுக்க முடிகிற காரியத்தை முதலில் செய்து பார்ப்பது, திரும்ப எடுக்க முடியாததைக் கடைசி வரை தள்ளி வைப்பது என்ற வரிசையில்தான் இந்தத் தொழிலின் மேன்மை முழுவதும் அடங்கியிருக்கிறது.

தம்பி தடுமாறவில்லை. “அக்கா, சோதிச்சுப் பார்க்க என் விரலை ஒரு தடவை பதியட்டுமா?” என்று அனுமதி கேட்டுப் பதிந்தார். திரையைப் பூட்டிவிட்டுத் தன் விரலை வைத்தார். பட்டென்று திறந்தது. ஆகவே கருவி நன்றாக இருக்கிறது, டிரைவர் நன்றாக இருக்கிறது, சேவையும் ஓடுகிறது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

“இப்ப உங்க கையைக் காட்டுங்கக்கா.”

மேஜை விளக்கின் கீழ் அக்கா வலது கையை விரித்தார். ஆள்காட்டி விரலின் நுனி வழவழவென்று மின்னியது. பெருவிரலின் உள்பக்கமும் அப்படியே. அறுந்த இழையை எடுத்து முறுக்கிப் பிணைப்பது இந்த இரண்டு விரல்கள்தான். ஒரு நாளைக்கு எத்தனை இழை, முப்பது வருடத்துக்கு எத்தனை நாள்! நூல் ஓடி ஓடி ரேகையின் மேடுகள் அங்கே பாதி கரைந்திருந்தன. கருவி முன்பு பதிந்து வைத்திருந்த குறிப்பும் இந்த விரலின் இன்றைய நிலையும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே வந்திருக்கின்றன. “முன்னாடியே நாலு தடவை வச்சாத்தான் தம்பி திறக்கும்” என்று அப்போதுதான் அக்கா சொன்னார். அப்டேட் வந்து ஒரு பழுதை உண்டாக்கியது. அதற்குப் பின்னால் வேறொரு பழுது நெடுநாளாக ஒளிந்திருந்தது.

தம்பி அக்காவின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இடது கை மோதிர விரலில் வந்து நின்றார். தறியில் அந்த விரலுக்கு அதிக வேலையில்லை. ரேகை தெளிவாக இருந்தது. நுனி, இரண்டு ஓரம், கொஞ்சம் சாய்த்து என்று பல கோணத்தில் வைக்கச் சொல்லிப் பொறுமையாகப் பதிந்தார். காப்புக்கு இடது சுண்டு விரலையும் பதிந்தார். அக்கா மோதிர விரலை வைத்தார். திறந்தது.

நேயர்களே, ஒரு பழுதில் நின்று நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உறையூரின் கைகள். கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளூஸ் நூல் அர்காரு என்ற ஊரின் மெல்லிய துணியைச் சொல்கிறது. அந்த அர்காரு நம் உறையூர் என்பது அறிஞர் பலரின் கருத்து. இங்கே சுற்றிய சுருட்டு கடல் கடந்து போய், 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பாகவே இடம்பெற்றது. உதிர்ந்த சாம்பலைப் பார்த்தே, குற்றவாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். புகையிலை உருட்டிய கை, நூல் முறுக்கிய கை, சுண்ணாம்பும் சிமென்டும் குழைத்த கை, பாத்திரம் தேய்த்த கை. உழைத்த கை எதுவோ அதன் ரேகைதான் முதலில் தேய்கிறது. அந்தக் கைகளைப் பார்த்து ஓர் இயந்திரம் “உன்னைத் தெரியாது” என்று சொன்னால், குறை அந்தக் கைகளில் இல்லை.

கைரேகையை ஆள் அடையாளமாக உலகம் கற்றுக்கொண்டதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒப்பந்தத்தில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் கைப் பதிவை வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் தொடங்கியது. அசீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பில் ரேகைகள் 1024 பிரிவுகளாக வகுக்கப்பட்டன. அந்தக் காலத்தில் மை தடவிய ரேகையை ஒரு மனிதர் உருப்பெருக்கியால் பார்த்தார். தேய்ந்த இடம் தெரிந்தால் நிதானித்து, வேறு விரலைக் கேட்க முடிந்தது. இன்றைய கருவி நொடியில் ஆம், இல்லை என்று சொல்லிவிடுகிறது. விட்டுப்போன நிதானத்தைத் திரும்பக் கொண்டுவருபவர்தான் நல்ல பழுது பார்ப்பவர்.

ரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது. அதன் அச்சு தோலின் ஆழமான அடுக்கில் இருக்கிறது. மேல்தோல் தேய்ந்தாலும், ஆழத்தில் காயம் இல்லாவிட்டால், சில வாரம் ஓய்வு கிடைத்தால் அதே ரேகை திரும்ப எழும். ஆனால் நம் ஊரில் எந்த விரலுக்குச் சில வாரம் ஓய்வு கிடைக்கும்? அதனால்தான் இரண்டாவது கதவு வேண்டும் என்கிறேன். ஓய்வூதியர்களுக்கான ஜீவன் பிரமாண் என்ற உயிர்வாழ் சான்று முறை 2014-இல் விரல், கருவிழிப் பதிவோடு வந்தது. 2021-இல் முகம் காட்டினாலே போதும் என்ற வழியும் சேர்ந்தது. விரல் ஒன்றையே நம்பி ஒரு வாசலைக் கட்டக்கூடாது என்பதை அனுபவம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. வீட்டுக் கணினிக்கும் அது பொருந்தும். இரண்டு கையிலும் விரல் பதிந்து வையுங்கள். நம்பரை மறக்காதீர்கள். பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். டிரைவர் வேண்டுமென்றால் கணினியைச் செய்த நிறுவனத்தின் தளத்தில் மட்டும் எடுங்கள்.

நாங்கள் கிளம்பும்போது தம்பி, “ஒரு நிமிஷம்க்கா” என்று கணினியைத் திரும்ப வாங்கினார். சோதனைக்காகப் பதிந்த விரலை நீக்க வேண்டும். கணினியோ, பதிந்த விரல்கள் அத்தனையையும் சேர்த்துத்தான் நீக்கும் என்றது. அவர் சலித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அக்காவின் இரண்டு விரல்களையும் முதலிலிருந்து மறுபடி பதிந்தார். கடைசியில் திரையை அக்கா பக்கம் திருப்பித் தன் விரலை வைத்துக் காட்டினார்.

“பாருங்கக்கா, என் விரலுக்கு இனிமே திறக்காது.”

அவர் கை வைத்தும் கதவு மூடியே இருந்தது. வேலை சரியாக முடிந்தது என்று அக்காவுக்கும் எனக்கும் அப்போதுதான் மனம் நிறைந்தது.