ஒரு வருஷம் நிற்கலாமா?

(திருவான்மியூரில் கூட்டமைப்பு உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர்களில் இருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். இந்த ஊர் சுவாமிக்கு இரண்டு பெயர் உண்டு. அகத்தியருக்கு மருந்து வகைகளைச் சொல்லிக் கொடுத்ததால் மருந்தீஸ்வரர். காமதேனு பால் சொரிந்து வணங்கியதால் பால்வண்ணநாதர். மருந்தும் மாடும் சேர்ந்த ஊர்! மாட்டு டாக்டர் படிப்பைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

குழுக் கூட்டங்களுக்கு வரும்போது எங்களிடம் இப்படிக் கேட்கிறீர்கள்: "பொண்ணுக்கு கால்நடை டாக்டர் படிப்புதான் ஆசை. கட் ஆஃப் கொஞ்சத்துல போயிடுச்சு. இப்ப பி.எஸ்சி. சேர்ந்திருக்கா. காலேஜை நிறுத்திட்டு, ஒரு வருஷம் இருந்து மறுபடி போடட்டுமா?"

ஆசை நல்ல ஆசை. குழுக் கடனில் வாங்கிய கறவை மாடு ராத்திரியில் படுத்துவிட்டால் அந்த வீடு என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர்களில் ஒருவரான சக்குபாய் ராமச்சந்திரன் அங்கே படித்தவர்தான். பெண்ணுக்கு இது ஒத்துவராது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள். அந்த ஒரு வருஷத்தில் எது மாறப்போகிறது?

நம் மாநிலத்தில் இந்தப் படிப்புக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம்தான் சேர்க்கை நடத்துகிறது. படிப்பு ஐந்தரை வருஷம். மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான். உயிரியல், இயற்பியல், வேதியியல் மார்க்கைக் கொண்டு 200-க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள். ஒருமுறை பாஸ் பண்ணிய பிளஸ் டூ பரீட்சையை மார்க்கைக் கூட்டுவதற்காகத் திரும்ப எழுதும் வசதி நம் மாநிலப் பாடத்திட்டத்தில் இப்போது கிடையாது. அப்படியானால் வீட்டில் ஒரு வருஷம் இருந்தாலும் அவள் மார்க் அதே மார்க்தான்! கட் ஆஃப் இறங்கலாம், ஏறவும் செய்யலாம். அதை நம்பிக் காலேஜை விடுவது மழையை நம்பி மண்பானையை உடைத்த கதை.

வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர், "அங்கெல்லாம் ஒரு வருஷம் நின்னுதான் சேர்றாங்க" என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லை. அமெரிக்காவில் முதலில் சில வருஷம் கல்லூரிப் படிப்பு. அதன் பிறகுதான் நாலு வருஷ கால்நடை மருத்துவம். விலங்குகளோடு வேலை பார்த்த அனுபவத்தையும் சேர்க்கையில் பார்க்கிறார்கள். அதனால் இடையில் நின்று அனுபவம் சேர்ப்பது அங்கே பிரயோஜனம். இங்கே பிளஸ் டூ முடித்த உடனே சேர்க்கை. மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்ததற்கு இங்கே மார்க் இல்லை.

அப்படியென்றால் நிற்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. நீட் எழுதுவதற்காக நின்றால் அதில் அர்த்தம் இருக்கிறது. நாடு முழுவதும் அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடம் அகில இந்திய ஒதுக்கீடு. அதற்கு நீட் மார்க்தான் கணக்கு. அதை மறுபடி எழுதலாம், கூட்டலாம். உடம்பு சரியில்லாமல் நிற்பதும் வேறு விஷயம். ஆனால் "சும்மா இருந்து பார்ப்போம்" என்பது வேண்டாம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பையன் நின்றால் "நீட்டுக்குப் படிக்கிறான்" என்பார்கள். பெண் நின்றால்? முதல் மாசம் புத்தகம். இரண்டாம் மாசம் அடுப்படி. மூணாம் மாசம் சொந்தத்தில் யாராவது, "சும்மாதானே இருக்கா, நல்ல வரன் வந்திருக்கு" என்று வந்து உட்காருவார்கள். டாக்டர் படிப்பும் இல்லை, பி.எஸ்சி.யும் இல்லை என்று ஆகிவிடும். நாங்கள் பயப்படுவது இதற்குத்தான் சகோதரிகளே.

அதனால் செய்ய வேண்டியவை:

1. காலேஜில் இருந்துகொண்டே விண்ணப்பம் போடட்டும். இடம் கையில் கிடைத்த பிறகு டி.சி. வாங்கினால் போதும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-ல் அறிவித்திருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

2. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவளா? 2021-ல் வந்த சட்டப்படி 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு கால்நடை மருத்துவத்துக்கும் உண்டு. முதல் தடவை இதைச் சரியாகக் குறிப்பிட்டார்களா என்று பாருங்கள். வீட்டில் பட்டதாரியே இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே போட்டு வையுங்கள்.

3. நிற்பது என்று முடிவானால், எந்தப் பரீட்சை, எப்போது, இடம் கிடைக்காவிட்டால் அடுத்து எந்தக் காலேஜ் என்று குழுத் தீர்மானம் மாதிரி நோட்டில் எழுதுங்கள். அப்பா, அம்மா, பெண் மூவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த வருஷத்தில் கல்யாணப் பேச்சு இல்லை என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்!

4. பத்தாவது படிக்கும் தங்கை இருந்தால், பிளஸ் ஒன்னில் உயிரியல் உள்ள குரூப் எடுக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் இந்தப் படிப்புக்கு வழியில்லை.

இப்போது சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலை, தேனி என்று ஏழு ஊர்களில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடைசி மூன்றும் 2020-க்குப் பிறகு மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியவை. கதவுகள் கூடியிருக்கின்றன.

நாம் குழுவில் ஒரு ரூபாய் கடன் கொடுப்பதற்கே "எதுக்கு, எப்ப திரும்ப வரும்?" என்று கேட்கிறோம். பெண்ணின் ஒரு வருஷம் அதைவிடப் பெரிய முதல். அதற்கும் இந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள். பதில் இருந்தால் தைரியமாக நிற்கட்டும், நாம் எல்லோரும் துணை நிற்போம். பதில் இல்லையென்றால், நாளைக் காலை அவள் காலேஜுக்குப் போகட்டும்.