புண் ஆற்றும் கைகளுக்கு

அவையில் வீற்றிருக்கும் மூத்த செவிலியர்களே, ஆசிரியர்களே, நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் வந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே!

இரக்கம் கட்டடமாக எழுந்த ஊரில் கூடியிருக்கிறோம். 1949இல் ஹைதராபாத் இளவரசி நிலோஃபரின் பணிப்பெண் ஒருத்தி பிரசவத்தில் இறந்துபோனாள். போர்க்காலத்தில் செவிலியர் பயிற்சி பெற்றிருந்த இளவரசிக்கு அந்தச் சாவு பொறுக்கவில்லை. அவர் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக 1953இல் இங்கே திறக்கப்பட்டதுதான் நிலோஃபர் மருத்துவமனை.

இளவரசியின் இரக்கம் கட்டடமானது; நம் இரக்கம் கட்டில் பக்கத்தில் நடக்கிற சின்ன வேலைகளில் இருக்கிறது. நான் பணிபுரிந்த வார்டில் மார்பகப் புற்றுநோய் முற்றிய ஓர் அம்மா இருந்தார். புண் வெடித்து நாற்றம் தாங்க முடியாது. மகன் சாப்பாட்டுத் தூக்கை வாசலிலேயே வைத்துவிட்டு நிற்பான். காய்ந்து ஒட்டிய துணியைப் பிய்க்காமல், உப்புநீர் விட்டு ஊறவைத்து மெல்ல எடுத்தோம். மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கிப் புண்ணில் தூவினோம். சில நாளில் நாற்றம் அடங்கியது. ஒரு மத்தியானம் அந்தப் பையன் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தான். நோய் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. ஆனாலும் அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்றுவரை தீரவில்லை.

வலியைத் தணிப்பதும் அப்படித்தான். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் வலி தணிக்கும் மார்ஃபினை வாங்கி வைக்கவே மருத்துவமனைகள் தயங்கின; 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இங்கே ரெட் ஹில்ஸில் உள்ள எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனை, வலி தணிக்கும் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறது. ஆனால் எந்தச் சட்டம் வந்தாலும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மறக்காமல் மாத்திரை கொடுப்பதும், நடுராத்திரியில் எழுப்பாதிருக்க டாக்டர் எழுதிய இரட்டை அளவைப் படுக்கும்போது தருவதும் செவிலியர் கைதான். நோயாளி விடியும்வரை தூங்கினார் என்று காலையில் ஹேண்டோவரில் சொல்வதைவிட நம் தொழிலில் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

நம்மைத் தேவதைகள் என்கிறார்கள். அன்பாகச் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் புண்ணை ஊறவைக்க நேரம் வேண்டும். கற்பித்தல் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. ராத்திரியில் முழு வார்டுக்கும் ஒருவராக நின்றவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். அந்த நிலையில் துணியைப் பிய்த்துத்தான் எடுக்க முடியும். அப்புறம் அது மனதை அரிக்கும். இரக்கம் வற்றிவிட்டது என்று அப்படி நின்றவர்களைக் குறை சொல்வது அநியாயம்.

இங்கே ஆய்வுக் கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதன்பின் ஆய்வைத் தொடங்குங்கள்.