அழைப்பாணைக்கு அஞ்சற்க



அமீனா நம் தெருவில் நுழைந்தால் நாம் கொல்லைப்புறமாக வயலில் இறங்கிவிடுகிறோம். சம்மனை வாங்காவிடில் வழக்கு நின்றுவிடும் என எண்ணுகிறோம். நிற்பதில்லை. வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளலாம்; கதவில் ஒட்டிச் செல்லவும் விதியுண்டு. நாம் வராத நாளில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். குடியிருக்கும் மனையும் கைவிட்டுப் போகும்.

ஆகவே, கையெழுத்திட்டு வாங்குவோம். உடன் வரும் பிராது நகலை வரிவரியாகப் படிப்போம். வக்கீல் இன்றியும், தம் வழக்கில் தாமே நின்று பேச உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. சம்மன் சேர்ந்த 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்தல் வேண்டும். தக்க காரணம் இருப்பின் 90 நாள் வரை அனுமதிக்கப்படலாம். பிராதிலுள்ள ஒவ்வொரு பொய்யையும் தனித்தனியே மறுத்தெழுத வேண்டும். மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே கருதுவர். பட்டா, பத்திரம், வரி ரசீது ஆகியவற்றைக் காட்டுவோம். வாய்தா நாள் தவறோம். ஒருதலைத் தீர்ப்பாகிவிட்டாலும், 30 நாட்களுக்குள் காரணம் காட்டி அதனை நீக்கக் கோரலாம்.

தனியே வாதிட இயலாதோர் கலங்க வேண்டா. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமை அளிக்கிறது. வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் விண்ணப்பித்தால் போதும்.

இளைஞர்களே! நம் சங்கம் 25 ஆண்டுகளாக ஊட்டிய எழுத்தறிவுக்கு இதனினும் நற்பயன் உண்டோ? அடுத்த சம்மன் வரும்போது, அவ்வீட்டுத் திண்ணையில் முதலில் சென்று அமருங்கள், படித்துச் சொல்லுங்கள்.