கரண்ட் வைக்கும் ஏழு வாரங்கள்

(மருத்துவ உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற வருடம் நமக்கு வந்த ஒரு மனுவைப் பற்றிப் பேசப் போகிறேன். 40 வயதுச் சகோதரர். கழுத்தில் வலியில்லாத கட்டி. ஒரு காது மட்டும் தண்ணீர் போனதுபோல் அடைப்பு. மூக்கைச் சிந்தினால் இரத்தக் கீற்று. டி.பி. கட்டி என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார். கடைசியில் மூக்கு வழியே கேமரா விட்டு, சதை எடுத்துச் சோதித்ததில் நாசித்தொண்டைப் புற்றுநோய் என்று தெரிந்தது. மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே உள்ள இடம் அது.

எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸோடு தொடர்புள்ள புற்று இது. அந்த வைரஸ் உலகில் பெரியவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் உடம்பில் இருக்கிறது. மிகச் சிலருக்கே புற்றாக மாறுகிறது. தென் சீனாவிலும், நம் நாட்டில் நாகாலாந்திலும் அதிகம். நம் பக்கம் அபூர்வம். நோயாளியிடமிருந்து புற்று யாருக்கும் ஒட்டாது. அந்த வீட்டிலோ தட்டு, டம்ளரைத் தனியாக வைத்து, பிள்ளைகளையும் அண்டவிடாமல் வைத்திருந்தார்கள். பார்க்கவே மனசு சங்கடப்பட்டது.

"பணம் கட்டினால் ஆபரேஷன் செய்வார்களா?" என்று அவர் அண்ணன் கேட்டார். அந்த இடம் மண்டையோட்டின் அடியில், முக்கிய நரம்புகளுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் பக்கத்தில் இருக்கிறது. அதனால் முதல் வைத்தியம் கத்தி அல்ல. நாம் கரண்ட் என்கிறோமே, அந்தக் கதிர்வீச்சுக்கு இந்தப் புற்று நன்றாகக் கட்டுப்படும். வாரம் ஐந்து நாள், மொத்தம் 33 அல்லது 35 தடவை. நோய் கூடுதலாக இருந்தால் சிஸ்பிளாட்டின் மருந்தும் ஏற்றுவார்கள். கரண்டுக்கு முன்பே ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும் மூன்று சுற்று கொடுத்தபோது, மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 76-லிருந்து 85 ஆனதாக 2019-ல் சீனாவில் நடந்த ஆய்வு காட்டியது. கழுத்துக்குப் பரவியிருந்தாலும் குணமாக்கத்தான் வைத்தியம் செய்கிறார்கள்.

சிரமம் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். வாய் வெந்து போகும், எச்சில் வற்றும், சோறு மண்ணாக இருக்கும். நம் சகோதரர் நான்காவது வாரம் ஊருக்கு வந்து 12 நாள் இருந்துவிட்டார். நடுவில் நிறுத்தினால் மிஞ்சிய புற்று மறுபடி வளரும். வாய்ப்புண்தான் காரணம் என்று நினைத்தோம். விசாரித்தால், லாட்ஜ் வாடகைக்குக் காசில்லை. நாம் முதல் நாளே மொத்தமாகக் கொடுத்த 20,000 ரூபாய் ஸ்கேனுக்கே போய்விட்டது. யோசிக்காமல் கொடுத்தது நம் தவறு. திரும்பிப் போய் முடித்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். இப்போது செக்கப்புக்குப் போய் வருகிறார். அந்த 12 நாள்தான் இன்னும் என் மனதை உறுத்துகிறது.

ஆகவே இனி வாரா வாரம் கொடுப்போம்: தங்கும் வாடகை, நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் சாப்பாடு. சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கரண்ட் தொடங்குமுன் பல் டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாது போகலாம். விழுங்க முடியாதபோது மூக்கில் குழாய் போட்டால் வெட்கப்படாதீர்கள், உடம்பில் தெம்பு நிற்பது அதனால்தான்.

ரமளானில் வைத்தியம் வந்தால் கரண்டைத் தள்ளிப்போட வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விட்ட நோன்பை உடம்பு தேறியபின் கழாச் செய்யலாம். சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொள்பவர் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கிட்னி கெடும். மனசு ஒப்பவில்லையென்றால் இமாமிடம் கேளுங்கள்.

மனுவோடு, கரண்ட் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் எழுதிய மருத்துவமனைச் சீட்டை இணைத்துத் தாருங்கள். அந்தத் தேதி வரைக்கும் பணம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்த மனுவை எடுப்போம்.