தொட்டிக்குப் போய்ச் சேர வேண்டிய காற்று

ஒருவரோ இருவரோ உட்காரும் அளவுக்குச் சொந்தமாக நீர்மூழ்கி கட்டி, கடலில் இறங்கிப் பார்க்கிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூழ்குவது சிரமமில்லை. பேலஸ்ட் தொட்டியின் மேல் வால்வைத் திறந்தால், அடித்துளை வழியே தண்ணீர் ஏறிவிடும். மேலே வரத்தான் காற்று வேண்டும். சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றைத் தொட்டிக்குள் விட்டால், அது தண்ணீரை அதே துளை வழியே வெளியே தள்ளும்.

எவ்வளவு காற்று? 200 லிட்டர் தொட்டிக்கு 200 லிட்டர் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கடலில் 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மொத்தம் 4. அங்கே அந்தத் தொட்டியை நிரப்ப, கரையில் 800 லிட்டராக இருந்த காற்று வேண்டும். ஸ்கூபா டைவர் முதுகில் சுமக்கும் 11 லிட்டர் சிலிண்டரில், 200 பார் அழுத்தத்தில், ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று அடங்கும். நீர்மட்டத்தில் பத்துத் தடவைக்கு மேல் வருகிற சிலிண்டர், 30 மீட்டரில் மூன்றாம் தடவைக்குத் தாங்காது.

செலவைக் குறைக்க பி.வி.சி. குழாயில் காற்றை அடைத்து வைப்பது ஆகவே ஆகாது. வெடித்தால் கத்தியாகச் சிதறும். பெரிய சிலிண்டர் ஒன்றைவிட, அழுத்தச் சோதனைத் தேதி தோளில் பொறித்த டைவிங் சிலிண்டர் இரண்டை, தனித்தனி வால்வோடும் குழாயோடும் வைப்பதே நல்லது என்பேன். ஒன்று கசிந்தாலும் மற்றது இருக்கும். கூடவே, உள்ளிருந்தே கழற்றிவிடக்கூடிய ஈயக்கட்டி ஒன்று அடியில் தொங்கட்டும்.

அப்போதும் ஒரு கவலை மிச்சமிருக்கிறது. 1963 ஏப்ரல் 10 அன்று, அமெரிக்காவின் அணு நீர்மூழ்கி திரெஷர், அட்லாண்டிக்கில் ஆழச் சோதனைக்கு இறங்கி 129 பேரோடு போய்விட்டது. பிறகு அதே வகையைச் சேர்ந்த டினோசாவைத் துறையில் கட்டி வைத்தே காற்றைத் திறந்து பார்த்தார்கள். சற்று நேரத்தில் காற்றோட்டம் நின்றுபோனது. சிலிண்டரில் காற்று இருந்தது; தொட்டிக்குப் போகவில்லை. சைக்கிள் டியூபில் காற்றைத் திறந்துவிட்டால் விரலில் சில்லென்று அடிக்குமே, அதே குளிர்தான், பல மடங்காக. காற்றிலிருந்த ஈரம் அதில் உறைந்து, வடிகட்டியைப் பனிக்கட்டியாக அடைத்திருந்தது.

அந்த 129 பேரை நினைக்காமல் இந்தக் கணக்கை என்னால் போட முடிவதில்லை. அதனால் நிரப்பும் காற்று ஈரம் நீக்கியதாக இருக்க வேண்டும். முதல் முழுக்குக்கு முன்னால், படகுத்துறையிலேயே கட்டி வைத்து வால்வை முழுதாகத் திறந்துவிட வேண்டும். குழாயில் வெண்பனி படிகிறதா, தண்ணீர் முழுதும் வெளியேறி அடித்துளையில் குமிழி வரும்வரை காற்று நிற்காமல் போகிறதா என்று அருகிலிருந்து பார்க்க வேண்டும்.