நம் பெண்களின் விசுவாசக் கதையை யார் எழுதுவது?



பெண்களின் விசுவாசத்துக்கு நோக்கமும் உறுதியும் தரும் கிறிஸ்தவ நூல்கள் என்பது பினாங்கின் கெலுகோரில் நடக்கும் இக்கருத்தரங்கின் பொருள். இன்று வாசிக்கப்படவிருக்கும் கட்டுரைகளின் சுருக்கங்களை முன்கூட்டியே படித்தேன். பெரும்பாலானவை அறிவுரை நூல்களைப் பற்றியவை. தேவனுக்கேற்ற மனைவியாக இருப்பது எப்படி, கவலையை வெல்வது எப்படி, காலைத் தியானத்துக்கு நேரம் ஒதுக்குவது எப்படி என்று சொல்லித்தரும் நூல்கள். பல அமெரிக்காவில் எழுதப்பட்டு, தமிழ்நாட்டில் மொழிபெயர்க்கப்பட்டு, நம் சபைகளின் புத்தக மேசைக்கு வந்து சேர்ந்தவை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். ஆகையால் அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் ஒன்றை உறுதியாக நம்புகிறேன். அறிவுரை ஒரு பெண்ணைத் தேற்றும். அவளை எழுப்பி ஒரு வேலையில் இறக்குவது, பெரும்பாலும், தன்னைப் போன்ற இன்னொருத்தியின் வாழ்க்கைக் கதைதான். அந்தக் கதைகள் தமிழில் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையே உங்கள் முன் வைக்க வந்தேன்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. முத்துக்குளித்துறை மக்களிடையே பணிசெய்த என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் 1586-இல் தமிழில் அச்சிட்ட ‘அடியார் வரலாறு’ புனிதர்களின் வாழ்க்கைத் தொகுப்பு. தமிழ் அச்சின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த பெண்களின் கதை நம் மொழியில் வந்துவிட்டது. அடுத்து வீரமாமுனிவர். ‘தேம்பாவணி’யைப் புலவர்களுக்குப் பாடிய அதே கை ‘கித்தேரியம்மாள் அம்மானை’யையும் எழுதியது. ஒரே பிரசவத்தில் பிறந்த ஒன்பது சகோதரிகளில் ஒருத்தி என்று மரபு சொல்லும் கித்தேரி, தன் விசுவாசத்தை விடச் சம்மதிக்காமல் உயிர் துறந்தவள். அவள் கதைக்கு முனிவர் எடுத்துக்கொண்ட வடிவத்தைக் கவனியுங்கள். அம்மானை என்பது பெண்கள் காய்களை வீசிப் பிடித்துக்கொண்டே பாடும் பாட்டிலிருந்து வளர்ந்தது. ஒருத்தி பாடினால் பத்துப் பேர் கேட்கலாம். எழுத்து தெரியாதவளும் மனப்பாடமாக வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பெண் வாசகரை, இல்லை, பெண் கேட்பவரை மனத்தில் வைத்து இவ்வளவு அக்கறையோடு செய்யப்பட்ட கிறிஸ்தவ நூல் தமிழில் அதற்குப் பின் அதிகம் வரவில்லை என்பது என் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரே குடும்பம் மூன்று எழுத்தாளர்களைத் தந்தது. மாமியார் அன்னா சத்தியநாதன், ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். நல்ல தாயைப் பற்றித் தமிழில் ஒரு நூலும் எழுதினார். மருமகள் கிருபாபாய் 1862-இல் அகமத்நகரில், கிறிஸ்தவம் தழுவிய பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் பாஸ்கர் அவருக்குப் புத்தக உலகைத் திறந்துவிட்டார். மருத்துவம் படிக்க இங்கிலாந்து போக வாய்ப்பு வந்தும் உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதலாண்டில் பரிசுகள் பெற்றும், உடல் தளர்ந்து படிப்பை விட நேர்ந்தது. பிறகு உதகமண்டலத்தில் முஸ்லிம் சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கினார். அந்த வாழ்க்கையையே ‘சகுணா’ என்ற நாவலாக்கினார். 1887, 1888-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் அது தொடராக வந்தது. மிஷனரி அம்மையார்கள் சிலர் இந்தியப் பெண்களைத் தாழ்வாக நடத்தியதையும் அதில் அவர் மறைக்கவில்லை. 1894-இல், முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். அவர் கணவர் பின்னர் மணந்த கமலா சத்தியநாதன் 1901-இல் பெண்களுக்கென ஓர் ஆங்கில மாத இதழைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்தினார்.

அன்னாவின் நூல் அறிவுரை. கிருபாபாயின் நூல் வாழ்க்கை. எதைப் படித்தால் ஒரு பதினாறு வயதுப் பெண் ‘நானும் படிப்பேன்’ என்று எழுந்து நிற்பாள் என்பதை நீங்களே சொல்லுங்கள். ஆனால் அறிவுரை தமிழில் இருந்தது. வாழ்க்கை ஆங்கிலத்தில் இருந்தது.

இதுவே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. டோனாவூரில் பணிசெய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நம் சபைகளில் அறியாதவர் இல்லை. அவரோடு கிராமம் கிராமமாக நடந்த விதவை பொன்னம்மாளின் வாழ்க்கையை அவர் தனி நூலாக எழுதினார். மிமோசா என்று பெயரிட்டு இன்னொரு பெண்ணின் கதையையும் எழுதினார். சிறுமியாக டோனாவூருக்கு வந்து சிறிது நேரமே நற்செய்தியைக் கேட்டவள் அவள். தகப்பன் தங்கவிடாமல் அழைத்துப் போய்விட்டார். எழுத்து தெரியாது. வேதாகமம் இல்லை, சபை இல்லை, கூட ஜெபிக்க ஓர் ஆள் இல்லை. திருமணம், கடன், பிள்ளைகள், ஊராரின் ஏச்சு எல்லாவற்றுக்கும் நடுவில், கேட்ட அந்தச் சிறிதளவைப் பற்றிக்கொண்டே 22 ஆண்டுகள் வாழ்ந்து, பிறகு டோனாவூருக்குத் திரும்பி வந்தாள். புத்தகமே இல்லாத ஒரு தமிழ்ப் பெண் உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட புத்தகமானாள். ஆனால் அந்தப் புத்தகம் முதலில் போய்ச் சேர்ந்தது ஆங்கிலம் படிப்பவர்களிடம். தஞ்சையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து 1778-இல் ஞானஸ்நானம் பெற்று, அங்கே ஆலயம் எழுப்பிய மராட்டியப் பிராமண விதவை கிளாரிந்தாவின் கதையும் அப்படித்தான். அ. மாதவையா 1915-இல் அதை ஆங்கில நாவலாக எழுதினார். சரோஜினி பாக்கியமுத்து மொழிபெயர்த்த பிறகே தமிழ் வாசகரின் கைக்கு வந்தது.

மராத்தியர் செய்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பண்டித ரமாபாய் மூல மொழிகளைக் கற்று வேதாகமம் முழுவதையும் எளிய மராத்தியில் பெயர்த்தார். அவர் நடத்திய முக்தி இல்லத்துப் பெண்களே அதை அச்சுக்கோத்தார்கள். 1922-இல் அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அது வெளிவந்தது. ஆதரவற்றவர்கள் என்று உலகம் ஒதுக்கிய பெண்கள், எழுத்து எழுத்தாக ஈயத்தை அடுக்கி, தங்கள் மொழியில் ஒரு வேதாகமத்தைக் கொடுத்தார்கள்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். 1887-இல் சோபியா பிளாக்மோர் சிங்கப்பூரில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியைத் தொடங்கியபோது அதில் இருந்தவர்கள் ஒன்பது தமிழ்ச் சிறுமிகள். பள்ளி இன்றும் இருக்கிறது. பிளாக்மோர் அம்மையாரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அந்த ஒன்பது பேரில் ஒருத்தியின் வாழ்க்கையையாவது தமிழில் ஒரு நூலாக நம்மால் எடுத்துக் காட்ட முடியுமா? பினாங்கிலும் செபராங் பிறையிலும் கெடாவிலும் தோட்டத்து லயங்களில் ஜெபக்கூட்டம் நடத்திய பெண்களின் கதையை எந்த அலமாரியில் தேடுவது?

அப்படி ஒருத்தியின் நோட்டு ஒன்றைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவருடையது. மூலை மடங்கிப் பழுத்துப்போன பள்ளிக்கூட நோட்டு. முதல் பக்கங்களில் ஞாயிறு பிரசங்க வசனங்கள், பேச்சில் எப்படி வருமோ அப்படியே எழுத்துக்கூட்டி எழுதியவை. பிறகு கீர்த்தனைகளின் முதலடிகள். நடுவில் ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள். லயத்தில் காய்ச்சலாகக் கிடந்தவர்கள், பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்தவர்கள், குடியை விட முடியாதவர்கள். எழுந்து நடமாடியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிறு சிலுவைக்குறி. அதே பக்கத்தின் ஓரத்தில் அன்றைய பால் எடைக் கணக்கு. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலையாட்களின் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போவதற்குள் இரண்டு வீடாவது பார்த்துவிடுவாராம். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயக்கொட்டகையின் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தாராம். நோக்கமுள்ள விசுவாசத்துக்கு இலக்கணம் கேட்டால் நான் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. நோட்டு மட்டும் பேத்தி ஒருத்தியின் துணி அலமாரியில் பிழைத்துக் கிடக்கிறது. இன்னும் எத்தனை நோட்டுகள் வீடு மாற்றும்போது பழைய பேப்பரோடு போயினவோ!

நம் நாட்டுப் பெண்களால் உலகத்துக்கு எழுத முடியும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் முதல் வெள்ளியன்று நடக்கும் உலக ஜெப நாளின் ஆராதனையை ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதிக் கொடுப்பார்கள். 2012-இல் எழுதியவர்கள் மலேசியப் பெண்கள். நீதி நிலைநாட்டப்பட வேண்டும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலை விடாமல் தட்டிய விதவை அந்த ஆராதனையில் நிற்கிறாள். அதற்கு அமைந்த ஓவியம், 2009-இல் மறைந்த நம் நாட்டு ஓவியர் ஹன்னா வர்கீஸ் வரைந்தது. அன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பெண்கள் மலேசியப் பெண்களின் சொற்களால் ஜெபித்தார்கள். ஒரு சிறு கையேடு அத்தனை தூரம் போயிற்று.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். விற்பனையில் இருக்கும் நூல்களை ஆராயுங்கள், தேவைதான். அதோடு இல்லாத நூல்களை எழுதவும் இங்கேயே தொடங்குங்கள். எண்பதைத் தாண்டிய பெண்கள் நம் சபைகளில் இன்னும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பேச்சை அவர்கள் பேசும் தமிழிலேயே பதிவுசெய்யுங்கள். தண்டல், கங்காணி, லயம் என்று தோட்டத்துச் சொற்களை அவர்கள் சொன்னால் அதைத் திருத்த வேண்டாம். அவர்களைப் புனிதைகளாகவும் ஆக்க வேண்டாம். புருஷனோடு போட்ட சண்டையும், சபைக்கு மூன்று மாதம் வராமல் கோபித்துக்கொண்டதும், ஜெபம் கேட்கப்படாத இரவுகளும் அந்த நூலில் இருக்கட்டும். தடுமாற்றமே இல்லாத வாழ்க்கையைப் படிக்கும் பெண், இது தனக்கு ஆகாது என்று மூடி வைத்துவிடுவாள்.

நம் பேரப்பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளியில் படிப்பவர்கள். தமிழை வாசிக்கத் தடுமாறுவார்கள், ஆனால் கேட்டால் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு நூலும் ஒலிவடிவத்திலும் வர வேண்டும். காதால் கேட்டே மனத்தில் பதியட்டும் என்று முனிவர் அம்மானை பாடிய தேவை இன்று பினாங்கில் நம் வீட்டுக்கே வந்திருக்கிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் பிறகு பெயர்க்கலாம். முதலில் தமிழில் எழுதுவோம். இந்த ஒருமுறையாவது நம் பெண்கள் தங்கள் கதையை மொழிபெயர்ப்பில் படிக்கும்படி ஆகிவிடக் கூடாது.

மதிய உணவுக்குப் பின் வாய்மொழிப் பதிவைப் பற்றிய அமர்வு இருக்கிறது. ஒவ்வொரு சபையும் பங்கும், பதிவுசெய்யத் தயாராக இருக்கும் ஓர் இளம்பெண்ணின் பெயரையும், பேசச் சம்மதிக்கும் ஒரு மூத்தவரின் பெயரையும் வாசலில் இருக்கும் மேசையில் மதியத்துக்குள் எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பழைய நோட்டுகள், கடிதங்கள், ஓரங்களில் எழுதப்பட்ட வேதாகமங்கள் வைத்திருப்பவர்களும் அங்கேயே சொல்லுங்கள். நகலெடுத்துத் திருப்பித் தந்துவிடுவோம்.

இக்கருத்தரங்கை ஜெபத்தோடு தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.