மோட்டார் சைக்கிளுக்குச் சிக்கனக் காப்புகள்

(செஞ்சி வட்டார விவசாயிகளும் ஊராட்சி மன்ற அங்கத்தினர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்விடத்திலிருந்து பார்த்தால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளும் அவற்றை இணைக்கும் மதிலும் தெரிகின்றன. இக்கோட்டையை 1690-இல் முகலாயர் படை முற்றுகையிட்டது. 1698-இல்தான் அது அவர்கள் வசமாயிற்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் இதனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இத்தனை காலம் இக்கோட்டை தாக்குப்பிடித்தது மதிலின் கனத்தால் மட்டும் அன்று. குளங்கள் இருந்தன, நெற்களஞ்சியங்கள் இருந்தன, ராஜகிரியின் உச்சிக்கு ஏறும் வழியில் ஒரு பாறைப் பிளவின்மேல் மரப்பாலம் இருந்தது, ஆபத்து வரும்போது அப்பாலத்தை எடுத்துவிடலாம். ஆபத்து வருமுன்னரே செய்து வைத்த சிறு சிறு காப்புகளே பெருங்கோட்டையைக் காத்தன.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோட்டையன்று. நமது வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள். 1950-களின் நடுப்பகுதியில் சென்னைத் திருவொற்றியூரில் என்பீல்டு வண்டிகள் உருவாகத் தொடங்கின. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி வெளிவந்தது. அதன் பின்னர் ஏர் மாட்டுக்கும் கட்டை வண்டிக்கும் இருந்த வேலைகளில் ஒரு பகுதியை இரு சக்கர வண்டியே ஏற்றுக்கொண்டது. விடியற்காலையில் பால் கேனை அது சங்கத்துக்குச் சுமக்கிறது. பிறகு உர மூட்டை, மாட்டுத் தீவனம், மணிலா மூட்டை, பழுதான பம்பு செட்டின் பாகம் எல்லாம் அதன் மேல்தான் செல்கின்றன. பிள்ளைகளும் அதன் மேல்தான் பள்ளிக்குப் போகிறார்கள். ஆகவே அவ்வண்டி ஒருநாள் நின்றால் குடும்பமே நிற்கிறது. அது விழுந்தாலோ, நஷ்டம் பணத்தோடு முடிவதில்லை.

வண்டியைச் செய்யும் கம்பெனி அதனைத் தார்ச் சாலையையும் மண் சாலையையும் மனத்தில் வைத்தே செய்கிறது. ஆனால் நமது ஏரிக்கரையும் வரப்பும் களத்துமேடும் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதம். அவற்றுக்கு ஏற்ற காப்புகளை நாமே குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். அவ்வாறு செய்வதில் ஒரு விதியை மட்டும் மறவாதிருக்க வேண்டும். சேர்ப்பது வேறு, மாற்றுவது வேறு. ஸ்பானர் கொண்டு பூட்டி, ஸ்பானர் கொண்டே கழற்றக்கூடியது காப்பு. வண்டியின் உடலை வெட்டியோ, துளையிட்டோ, வெல்டிங் வைத்தோ செய்வது மாற்றம். காப்பு நல்லது; மாற்றம் ஆபத்து.

எந்தக் காப்பைப் பூட்டினாலும் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். ஹேண்டில் இரு பக்கமும் முழுவதும் திரும்புகிறதா? பிரேக்கும் விளக்கும் எண் பலகையும் மறைவின்றி இருக்கின்றனவா? இருவர் உட்கார்ந்து வண்டியை அமுக்கும்போது அது சக்கரத்தையோ செயினையோ தொடாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை கிடைத்தால்தான் வண்டியைச் சாலைக்கு எடுக்கலாம்.

முதலாவதாகச் சேற்றுக் காப்பைக் கூறுகிறேன். முன் சக்கரம் வாரியிறைக்கும் சேறும் கல்லும் நேரே எஞ்சின்மீது சென்று படிகின்றன. எஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டு மடிப்புகள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. காற்றுப் பட்டு வெப்பம் வெளியேறுவதற்காக வைக்கப்பட்டவை. அவற்றின் இடுக்குகளில் சேறு காய்ந்து இறுகினால் எஞ்சின் மிகையாகச் சூடேறித் தேய்கிறது. பஞ்சர் கடையில் தூக்கியெறியும் பழைய டியூபில் ஒரு சாண் நீளம் வெட்டி, முன் மட்கார்டின் கீழ் நுனியில் ஏற்கெனவே உள்ள துளைகளில் அகன்ற வாஷர் வைத்து இரண்டு போல்ட்டுகளால் பூட்டுங்கள். அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து நான்கு விரற்கடையேனும் உயர்ந்திருக்க வேண்டும். இதற்குத் தகரத்தை உபயோகிக்கலாகாது. ரப்பர் கல்லில் இடித்தால் வளையும். தகரம் இடித்தால் மடங்கிச் சக்கரத்தில் மாட்டும்.

இரண்டாவது, முன் ஃபோர்க்கின் காப்பு. ஃபோர்க்கின் பளபளப்பான குழாய் மேலும் கீழும் இயங்கும் இடத்தில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையம் ஒன்றுண்டு. குழாயில் ஒட்டிய மணல் அவ்வளையத்தை அறுக்கிறது. எண்ணெய் கசிந்து முன் பிரேக்கில் இறங்கினால் பிரேக் பிடிப்பதில்லை. அகலமான பழைய டியூபுத் துண்டு ஒன்றைக் குழாயைச் சுற்றித் தளர்வாக அமைத்து, மேல்புறம் மட்டும் கட்டி, கீழ்ப்புறத்தைப் பாவாடைபோலத் தொங்கவிட்டால் மணல் தடைபடும். உள்ளே புகுந்த நீரும் வடிந்துவிடும்.

மூன்றாவது, சூட்டுக் காப்பு. சைலன்சரின் மேலுள்ள தகட்டு மூடி கழன்று விழுந்த வண்டிகளை நாம் எங்கும் காண்கிறோம். குழந்தையின் கெண்டைக்காலில் தழும்பு விழுவது அதனால்தான். மெல்லிய தகட்டை வளைத்து, சைலன்சருக்கும் தகட்டுக்கும் இடையே அரை அங்குல இடைவெளி விட்டு, இரும்பு ஹோஸ் கிளிப்புகளால் இறுக்கலாம். வெப்பத்தைத் தடுப்பது அந்த இடைவெளியிலுள்ள காற்றே. சூடு தாங்கவில்லை என்று சிலர் சாக்கைச் சுற்றுகிறார்கள். அது தீப்பிடிக்கும், அருகில் பெட்ரோல் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

நான்காவதாகக் கூறப்போவது சேலைக் காப்பு. கடைக்காரர் இதனைச் 'சாரி கார்டு' என்பார். இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், பின் சக்கரத்தில் களிமண் அடைத்துக்கொள்கிறது என்று அந்தக் கம்பிச் சட்டத்தை நானே கழற்றித் திண்ணையில் வைத்தேன். மழை விட்ட பின்னும் அதைத் திரும்பப் பூட்டவில்லை. ஒரு நாள் என் மனைவி பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து வந்தபோது சேலைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வண்டி வேகமாகச் செல்லவில்லை. அதனால் உயிர் தப்பியது. எனினும் இடுப்பு எலும்பு முறிந்து அவர் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். அந்தச் சட்டம் அத்தனை நாளும் திண்ணையிலேயே இருந்தது. அதைக் கழற்ற எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

சேலைக் காப்பு நம் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. பின்னால் ஒருவர் அமரும் வண்டியில், அவர் உடை சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பும், கைப்பிடியும், கால் வைக்கும் படியும் இருக்கவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி கூறுகிறது. கம்பிகளுக்கிடையே இடைவெளி அதிகமாயிருந்தால் பிளாஸ்டிக் கயிற்றை நெருக்கமாகப் பின்னிவிடுங்கள். தாவணியும் துப்பட்டாவும் வேட்டி நுனியும் அதனால் தப்பும். கயிற்றின் முனை தொங்காமல் முடிச்சிட வேண்டும். சேறு அடைத்தால் குச்சியால் தள்ளுங்கள்; சட்டத்தைக் கழற்றாதீர்கள்.

அடுத்து, பாரம். பால் கேன்களை ஒரு பக்கம் மட்டும் மாட்டலாகாது; இருபக்கமும் சம எடை வேண்டும். பாரம் தாழ்வாகவும், பின் சக்கரத்தின் அச்சுக்கு முன்னாலும் அமைய வேண்டும். அச்சுக்குப் பின்னால் மூட்டை நீண்டால் முன் சக்கரம் தரையில் அழுந்தாது, ஹேண்டில் ஆடும், முன் பிரேக்கும் பயன்படாது. பழைய டியூபை நீளவாக்கில் கீறிய பட்டை மூட்டை கட்ட மிக உகந்தது. மண்வெட்டியையும் அரிவாளையும் கொண்டுசெல்லும்போது வாய்ப்பகுதியைச் சாக்கில் சுற்றிக் கட்டுங்கள்.

இரவில் செல்வோருக்கு மற்றொரு காப்பு உண்டு. வெளிச்சம் பட்டால் ஒளிரும் ஒட்டுத்தாளில் சிவப்பு நிறத்தைப் பின்புறமும், மஞ்சள் நிறத்தைப் பக்கவாட்டிலும் ஒட்டிவிடுங்கள். பால் கேனிலும் ஒட்டுங்கள். திண்டிவனம்–திருவண்ணாமலைச் சாலையில் விடியலுக்கு முன் செல்லும் நமது வண்டியைப் பின்னால் வரும் லாரிக்காரர் தொலைவிலேயே கண்டுகொள்வார். இதற்கு ஆகும் செலவு நாலு பேர் தேநீர் அருந்தும் செலவே.

சில இடங்களில் காப்பு என்று எண்ணிக் கேட்டைத் தேடிக்கொள்கிறோம். நெல் அடிக்கும் தூசி புகாதிருக்கக் காற்று வடிகட்டியின் வாயில் துணி கட்டுவதுண்டு. எஞ்சினுக்குக் காற்றுப் போதாமல் புகை கக்கும், பெட்ரோலும் வீணாகும். அறுவடைக் காலத்தில் வடிகட்டியை அடிக்கடி திறந்து துப்புரவு செய்வதே சரியான காப்பு. பஞ்சு வகையைச் சோப்பு நீரில் அலசி, நன்கு உலர்த்தி, சிறிது எண்ணெய் தடவிப் பூட்டலாம். காகித வகையைத் தட்டித் தூசி போக்கலாமே தவிர நீரில் நனைக்கலாகாது. முன்புறம் பூட்டும் லெக் கார்டுக்கு முனை மழுங்கிய குழாயே வேண்டும். கூரிய முனை எதிரில் வருபவரைக் குத்தும். அதன்மீது கயிற்றுக்குப் பதில் டியூபைச் சுற்றுங்கள். தேங்காய் நார்க்கயிறு ஈரத்தைப் பிடித்து வைத்து, உள்ளே துருவேற்றும். கூடுதல் விளக்குக்கு ஃபியூஸ் இல்லாமல் ஒயர் இழுப்பது தீயை இழுப்பதற்குச் சமம்.

சைலன்சரை வெட்டுதல், கண்ணாடியைக் கழற்றுதல், ஹேண்டிலை மாற்றுதல் ஆகியவற்றை இளைஞர்கள் விட்டுவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, முறையற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தபின் இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போதும் வில்லங்கம் எழக்கூடும்.

வீட்டில் செய்யக் கூடாத காப்பு ஒன்றே ஒன்று, அது தலைக்கவசம். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசத்தைத் தயாரிப்பதும் விற்பதும் கூடாது. சாலையோரத்தில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் தொப்பி போலீஸாரைச் சமாளிக்கலாம், கல்லைச் சமாளிக்காது. மற்றவற்றில் மிச்சம் பிடித்த பணத்தை இதில் செலவிடுங்கள். பின்னால் அமர்பவருக்கும் ஒன்று வாங்குங்கள்.

ஊராட்சி மன்ற அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஊர்ப் பொது இடத்தில் அரைநாள் வண்டிக் காப்பு முகாம் நடத்துங்கள். ஊரிலுள்ள மெக்கானிக்கையும் பஞ்சர் கடைக்காரரையும் அழையுங்கள். ஒட்டுத்தாளையும் போல்ட்டு நட்டுகளையும் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு வழங்குங்கள். பழைய டயர் டியூபுகளைத் திரட்டி வெட்டிப் பயன்படுத்துவதில் மற்றொரு நன்மையும் உண்டு. மழைநீர் தேங்கிய டயரிலும் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. டயர் குறைந்தால் கொசுவும் குறையும்.

அம்முகாமில் முதல் வேலையாக, ஊரிலுள்ள எத்தனை வண்டிகளில் சேலைக் காப்பு இல்லை என்று கணக்கெடுங்கள். அவற்றில் பலவற்றின் சட்டம் வேறெங்கும் போயிராது. அந்தந்த வீட்டுத் திண்ணையிலோ பரண்மீதோ கிடக்கும். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் நீங்களும் ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைத்தால் விளக்கு வைக்குமுன் பூட்டிவிடுங்கள்.